கப்பலுக்கு ஃபயர் ஸ்டிக் எடுத்துட்டுப் போகலாமா?

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு ஒரே ஒரு கேள்வி. "ப்ரோ, க்ரூஸ் கப்பல் கேபின்ல இருக்கிற டிவியில நம்ம ஃபயர் டிவி ஸ்டிக் வேலை செய்யுமா?" இதைக் கேக்கறவங்க ரெண்டு வகை.

முதல் வகை, டூர் போறவங்க. 2022 ஜூன்ல கார்டெலியா நிறுவனத்தோட எம்ப்ரஸ் கப்பல் சென்னைத் துறைமுகத்துல இருந்து கிளம்பினப்புறம் நம்ம ஆளுங்களுக்குக் கப்பல் டூர் ரொம்பத் தூரத்து விஷயமா இல்லை. உங்களுக்கான பதிலை இப்பவே சொல்லிடறேன்: எடுத்துட்டுப் போகாதீங்க. ரெண்டு, மூணு ராத்திரி. கடலைப் பாருங்க. போன்ல நாலு படம் டவுன்லோட் பண்ணி வெச்சுக்கோங்க, போதும்.

ரெண்டாவது வகை, அதே கப்பலுக்கு வேலைக்குப் போறவங்க. ஆறு மாசம், எட்டு மாசம், ஒன்பது மாசம் கான்ட்ராக்ட். தண்ணி மட்டத்துக்குக் கீழ, ஜன்னல் இல்லாத கேபின். ரெண்டு பேருக்கு ஒரு ரூம், மேல ஒரு கட்டில், கீழ ஒரு கட்டில். இந்த எபிசோடு அவங்களுக்கு.

நான் விருதுநகர்க்காரன்னு ரெகுலரா கேக்கறவங்களுக்குத் தெரியும். எங்க சித்தி சாத்தூர் பக்கம் ஒரு பயர் ஆபீஸ்ல வேலை பாக்கறாங்க. வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன், எங்க பக்கம் பட்டாசு ஆலைக்குப் பேரு பயர் ஆபீஸ். 2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை போட்டதுக்கு அப்புறம், "பிள்ளைகளாவது வேற வேலைக்குப் போகட்டும்"னு நினைச்ச வீடுகள் நிறைய. சித்தி வீடும் அதுல ஒண்ணு. பையன் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிச்சான், கப்பல்ல சேர்ந்தான். மியாமியில இருந்து கரீபியன் பக்கம் போற கப்பல். முதல் கான்ட்ராக்ட் முடிச்சுட்டு வந்தான், ரெண்டாவதுக்குக் கிளம்பறான். நான் சொல்றதுல பாதி அவன் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது, மீதி நான் எஞ்சினியர் புத்தியில நோண்டிப் பாத்தது.

முதல்ல டிவி

கேபின் டிவி நம்ம வீட்டு டிவி மாதிரி இருக்கும், ஆனா அதுக்குள்ள இருக்கிற செட்டிங் வேற. ஹோட்டல் மோடுன்னு ஒண்ணு உண்டு. அதை ஆன் பண்ணிட்டா, ரிமோட்ல இன்புட் மாத்தற பட்டன் செத்துப்போயிடும். பின்னாடி ஹெச்டிஎம்ஐ போர்ட் இருக்கும், ஸ்டிக்கையும் சொருகலாம், ஆனா டிவியை அந்த இன்புட்டுக்கு மாத்த முடியாது. தம்பி முதல் தடவை ஸ்டிக் எடுத்துட்டுப் போய் நின்னது இங்கதான். சில டிவியில பக்கவாட்டு பட்டன் வேலை செய்யும், சிலதுல அதுவும் பூட்டியிருக்கும். சுவரோட ஒட்டி மாட்டியிருந்தா ஸ்டிக் உள்ள நுழையவே நுழையாது. ஒரு சின்ன ஹெச்டிஎம்ஐ எக்ஸ்டென்ஷன் வயர் வேணும்.

இன்னொண்ணு, டிவியில இருக்கிற யூஎஸ்பி போர்ட்ல இருந்தே ஸ்டிக்குக்குக் கரென்ட் எடுத்துக்கலாம்னு நினைப்போம். சாதாரண யூஎஸ்பி 2.0 போர்ட் குடுக்கிறது அரை ஆம்பியர். ஸ்டிக்குக்கு அதுக்கு மேல தேவைப்படும். படம் நடுவுல ஆஃப் ஆகி ஆஃப் ஆகி வரும். அதனால தனி சார்ஜர் வேணும். பூட்டை உடைக்கிற வழிகள் யூடியூப்ல கிடைக்கும். டூர் வந்தவங்க செஞ்சா ஒரு திட்டோட போயிடும். நீங்க அங்க வேலை பாக்கறவங்க. கம்பெனி டிவியோட மெனுவை நோண்டி மாட்டினா அது உங்க ரெக்கார்டுல ஏறும்.

அடுத்தது வைஃபை

சரி, டிவி திறந்திருக்குன்னே வெச்சுப்போம். கப்பல் வைஃபை ஒரு லாகின் பேஜ் காட்டும், ஏர்போர்ட்ல வருமே அது மாதிரி. ஃபயர் ஸ்டிக்ல அந்தப் பேஜ் திறக்கும். பழைய குரோம்காஸ்ட்ல அதுக்கு வழியே கிடையாது. போன்ல இருந்து காஸ்ட் பண்ணலாம்னா, போனும் ஸ்டிக்கும் ஒண்ணை ஒண்ணு பாக்கணும். ஆயிரக்கணக்கான பேர் ஒரே வைஃபையில இருக்கிற இடத்துல, ஒருத்தர் சாதனம் இன்னொருத்தர் சாதனத்தைப் பாக்கவிடாம வெச்சிருப்பாங்க. அப்படி வெக்கலைன்னா பக்கத்து கேபின்காரர் உங்க டிவியில படம் ஓட்டுவார். ஆனா அதே காரணத்தால உங்க போனுக்கு உங்க ஸ்டிக்கும் கண்ணுல படாது.

பெரும்பாலும் ஒரு பிளானுக்கு ஒரு நேரத்துல ஒரு சாதனம்தான். ஸ்டிக்ல லாகின் பண்ணினா போன் அவுட். "சின்ன ரவுட்டர் ஒண்ணு வாங்கிட்டுப் போய்ப் பிரிச்சுக்கலாமே ப்ரோ"ம்பீங்க. பல கப்பல் கம்பெனிகளோட தடைப் பட்டியல்ல ரவுட்டர் இருக்கு. ஏறும்போது ஸ்கேனர்ல தெரிஞ்சா எடுத்து வெச்சுக்குவாங்க.

இதுக்கு மேல, கப்பலுக்கு நெட் வர்ற பாதை. பழைய சாட்டிலைட்டுகள் பூமிக்கு மேல கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர்ல நிக்குது. சிக்னல் மேல போய்க் கீழ வர 72,000. பதில் வர இன்னொரு 72,000. ஒளியோட வேகத்துல போனாலும் அரை செகண்ட் காலி. ஸ்டார்லிங்க் சாட்டிலைட்டுகள் சுமார் 550 கிலோமீட்டர்லதான் சுத்துது, அதனால அந்தத் தாமதம் பெருமளவு போயிடுச்சு. 2022 ஆகஸ்ட்ல ராயல் கரீபியன் தன்னோட கப்பல்கள்ல ஸ்டார்லிங்க் போடப்போறதா அறிவிச்சுது, மத்தவங்களும் பின்னாடியே வந்தாங்க. ஆனா அவங்களோட ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலை எடுத்துக்கோங்க. நிறைஞ்சா 7,600 பயணிகள், 2,350 ஊழியர்கள். பத்தாயிரம் பேர் இருக்கிற ஒரு ஊரே வானத்துல இருந்து வர்ற நெட்டைப் பங்கு போட்டுக்குது. வேகம் வந்தாலும், அது உங்க ஒருத்தருக்கு இல்லை.

ஒரு படத்தோட விலை

இப்ப முக்கியமான கணக்கு. நோட் எடுக்கறவங்க எடுத்துக்கோங்க.

ஹெச்டியில படம் பாத்தா ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரைக்கும் போகும். வாட்ஸ்ஆப்ல குரல் மட்டும் பேசினா, தாராளமாவே நிமிஷத்துக்கு 1 எம்பின்னு வெச்சுப்போம்.

தினமும் அம்மாகிட்ட அரை மணி நேரம் பேசறீங்க. 30 எம்பி. ஏழு மாசக் கான்ட்ராக்ட், 210 நாள். பெருக்கினா 6,300 எம்பி. ஏறக்குறைய 6 ஜிபி.

ரெண்டு மணி நேரப் படம் ஹெச்டியில எவ்வளவு? அதுவும் 6 ஜிபி.

அதாவது ஒரே ஒரு படம், ஏழு மாசம் அம்மாகிட்ட தினமும் பேசற பேச்சுக்குச் சமம். நம்ம தமிழ்ப் படம் ரெண்டரை மணி நேரம் ஓடும், அப்ப இன்னும் ஜாஸ்தி. வீட்டுல வைஃபையோட உக்காந்திருக்கும்போது இந்தக் கணக்கு யாருக்கும் தோணாது. தினம் 2 ஜிபி வருது, ராத்திரி பன்னெண்டு மணிக்குப் புதுசா வந்துடும். கப்பல்ல நெட்டைக் காசு குடுத்து வாங்கறோம், நிறைய இடத்துல டேட்டா கணக்குலயோ மணிக் கணக்குலயோ. கேபின்ல படுத்துக்கிட்டுப் படம் ஓடவிட்டா, எங்க இருந்து கழியுதுன்னு தெரிஞ்சுக்கோங்க.

பணம் மட்டும் இல்லை, நேரமும் இருக்கு. மியாமிக்கும் நமக்கும் கோடைக்காலத்துல ஒன்பதரை மணி நேர வித்தியாசம். சித்திக்குக் காலையில ஏழரைக்கு ஆலை வண்டி வந்துரும். போனை கேட்லயே வாங்கி வெச்சுருவாங்க, பயர் ஆபீஸ்ல செல்போன் உள்ள போகக்கூடாது. சாயங்காலம் வீடு வந்து, சமையல் முடிச்சு, போனைக் கையில எடுக்க எட்டு மணி. அப்ப கப்பல்ல காலை பத்தரை. தம்பிக்கு பிரேக்ஃபாஸ்ட் ஷிஃப்ட் முடிஞ்சு லஞ்ச் ஷிஃப்ட் ஆரம்பிக்கிறதுக்கு நடுவுல இருக்கிற ஒரு மணி நேரம். அவன் ராத்திரி டின்னர் முடிச்சு பதினொண்ணு மணிக்கு கேபினுக்கு வந்தா, இங்க காலை எட்டரை. சித்தி உள்ள, போன் கேட்ல. மத்தியான பிரேக்ல கூப்பிட்டா இங்க நடுராத்திரி. வாரத்துல ஆறு நாளும் அந்த ஒரு மணி நேரம்தான் ரெண்டு பேருக்கும் பொது. அந்த நேரத்துல பேலன்ஸும் இருக்கணும், லைனும் இருக்கணும்.

எங்க ஊர் அம்மாக்களுக்கு அந்தக் கால் இன்னொண்ணுக்கும் தேவை. 2012 செப்டம்பர்ல முதலிப்பட்டி வெடி விபத்துல 30 பேருக்கு மேல செத்தாங்க. அதுக்கு அப்புறமும் எத்தனையோ விபத்து. சாத்தூர் பக்கம் வெடிச் சத்தம்னு நியூஸ் ஃப்ளாஷ் ஆனா, கடலுக்கு நடுவுல இருக்கிற பையன் முதல்ல தேடறது அம்மாவோட குரலை. அந்த நேரத்துல "யுவர் டேட்டா இஸ் ஓவர்"னு வந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, படமே பாக்கக்கூடாதா?

தாராளமா பாக்கலாம். ஸ்ட்ரீம் பண்ணாதீங்க, ஸ்டாக் வெச்சுக்கோங்க. சிவகாசிக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். தீபாவளிக்கு நாடு முழுக்க ரெண்டு நாள்ல வெடிக்கிறதை வருஷம் பூரா செஞ்சு, அடுக்கி, குடோன்ல வெச்சு, முன்கூட்டியே அனுப்பிடறோம். ஐப்பசி வரட்டும், அப்பப் பாத்துக்கலாம்னு யாராவது உக்காந்திருக்காங்களா? நெட்டும் அப்படித்தான். கிடைக்கும்போது சேத்து வை, கிடைக்காதப்ப எடுத்துச் செலவழி.

கரீபியன் கப்பல்கள் பெரும்பாலும் வாரம் ஒரு தடவை கிளம்பின துறைமுகத்துக்கே திரும்பி வரும். நடுவுலயும் ரெண்டு, மூணு ஊர்ல நிக்கும். கரையில இலவச வைஃபை கிடைக்கிற இடம் எதுன்னு பழைய ஆளுங்களுக்கு அத்துப்படி. அங்க டவுன்லோட், கடல்ல படம்.

ஓடிடி ஆப்கள்ல டவுன்லோட் பண்றதுக்குக் காலக்கெடு உண்டு. சில படம் 7 நாள், சிலது 30 நாள், பாக்க ஆரம்பிச்சா 48 மணி நேரத்துல காணாமப் போறதும் உண்டு. அதனால ஏழு மாசத்துக்கும் சேத்து ஊர்லயே டவுன்லோட் பண்ணிட்டுப் போறது வேலைக்காகாது. வாரா வாரம் புதுப்பிக்கணும். இன்னொரு சிக்கல், நம்ம ஊர் சந்தாவுல இருக்கிற படம் எல்லாம் வெளிநாட்டுல தெரியாது. கிளம்பறதுக்கு முன்னாடி உங்க ஆப் எந்தெந்த நாட்டுல ஓடும்னு பாத்துக்கோங்க.

காலாவதி ஆகாதது உங்க சொந்த ஃபைல்கள் மட்டும்தான். அக்கா கல்யாண வீடியோ, பங்குனிப் பொங்கல்ல நீங்களே எடுத்தது, இருக்கன்குடிக்குக் குடும்பத்தோட போனது. தம்பி அதிகமா பாத்தது எதுன்னு கேட்டேன். சித்தி சமையல்கட்டுல யாரையோ திட்டிக்கிட்டே குழம்பு தாளிக்கிற ஒரு நாலு நிமிஷ வீடியோவாம்.

இதுக்கெல்லாம் ஸ்டிக் எதுக்கு? மெமரி கார்டு போடற வசதி இருக்கிற ஒரு சாதா டேப்லெட், 256 ஜிபி கார்டு, நல்ல இயர்போன். மேல் கட்டில்ல இருக்கிறவர் நைட் ஷிஃப்ட் முடிச்சுத் தூங்குவார். டிவி சத்தத்தை விட இயர்போன் மரியாதை. டேப்லெட்டை டிவியில மாட்டணும்னா, அதோட யூஎஸ்பி-சி போர்ட்ல வீடியோ வெளிய வருமான்னு கடையிலயே சோதிச்சு வாங்குங்க. விலை கம்மியான மாடல்கள்ல பெரும்பாலும் வராது.

கரென்ட் விஷயத்துல விளையாடாதீங்க

ஃபயர் ஸ்டிக்குன்னு தம்பி சொன்னதும் சித்தி கேட்ட கேள்வி, "கப்பலுக்குள்ள எதுக்குடா பயரு?" சிரிச்சுட்டோம். ஆனா கேள்வி சரியான கேள்வி.

ஸ்டிக், அதுக்குச் சார்ஜர், டேப்லெட், போன். கேபின்ல ஒரு ப்ளக் பாயின்ட்தான் இருக்கும். உடனே நம்ம கை போறது எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு. வீட்டுக்கு நல்லது வாங்கறோம்னு சர்ஜ் ப்ரொடெக்டர் இருக்கிறதா பாத்து வாங்குவோம். கப்பல்ல அதுதான் ஆபத்து.

நம்ம வீட்டுல நியூட்ரல் வயர் எர்த்தோட சேந்திருக்கும். நிறையக் கப்பல்கள்ல ரெண்டு வயரையுமே கப்பலோட இரும்பு உடம்புல நேரடியா சேக்க மாட்டாங்க. எங்கயோ ஒரு வயர் இரும்பைத் தொட்டாலும் கப்பலோட கரென்ட் போயிடக்கூடாதுங்கறதுக்காக அப்படி. சர்ஜ் ப்ரொடெக்டருக்குள்ள ஒரு சின்ன பாகம் வயருக்கும் எர்த்துக்கும் நடுவுல உக்காந்திருக்கும். எங்கயாவது ஒரு வயர் இரும்பைத் தொட்டுருச்சுன்னா, இன்னொரு வயருக்கும் எர்த்துக்கும் நடுவுல வோல்டேஜ் ஏறும், அந்தப் பாகம் சூடாகிப் பத்திக்கும். அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2013லேயே இதுக்குத் தனியா ஒரு எச்சரிக்கை வெளியிட்டுது.

வேலைக்குச் சேரும்போது எஸ்டிசிடபிள்யூ பயிற்சியில தீயணைக்கக் கத்துக்குடுப்பாங்க. அதுல நம்ம ஆளு கொஞ்சம் முன்னாடியே பாஸ். ஒரு ரூம்ல நாலு பேருக்கு மேல கூடாது, செல்போன் கூடாது, ரூமுக்கும் ரூமுக்கும் இடைவெளி வேணும்கிற விதிகளைக் கேட்டு வளர்ந்தவன். விதியை மீறின இடத்துல என்ன நடக்கும்னும் தெரிஞ்சவன். பயர் ஆபீஸ்ல தீப்பிடிச்சா ஓடறதுக்கு வெளியாவது இருக்கு. கப்பல்ல சுத்தி தண்ணி. அதனால சர்ஜ் ப்ரொடெக்டர் இல்லாத, நாலு யூஎஸ்பி போர்ட் இருக்கிற நல்ல கம்பெனி சார்ஜர் ஒண்ணு. அதையும் கப்பல் விதி அனுமதிக்குதான்னு கேட்டுட்டு. நம்ம ஊர் மூணு பின் ப்ளக் அங்க நுழையாது. அமெரிக்கத் தட்டைப் பின், ஐரோப்பிய ரெண்டு உருண்டைப் பின், ரெண்டுக்கும் அடாப்டர் வெச்சுக்கோங்க.

இது சலுகையா, உரிமையா?

கொரோனா காலத்துல, 2020 கடைசியில, உலகம் முழுக்கக் கிட்டத்தட்ட 4 லட்சம் கடலோடிகள் கான்ட்ராக்ட் முடிஞ்சும் வீடு திரும்ப முடியாமக் கப்பல்லயே மாட்டிக்கிட்டாங்க. வீட்டோட பேசறது எவ்வளவு பெரிய விஷயம்னு அப்ப எல்லாருக்கும் உறைச்சுது. 2022ல கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையைத் திருத்தினாங்க. முடிஞ்ச வரைக்கும் கப்பல்ல ஊழியர்களுக்கு இன்டர்நெட் குடுக்கணும், காசு வாங்கினா அது நியாயமான தொகையா இருக்கணும். 2024 டிசம்பர் 23ல இருந்து இது அமல்ல இருக்கு. இந்தியா அந்த உடன்படிக்கையை 2015லேயே ஏத்துக்கிட்ட நாடு.

அதனால கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஏஜென்ட்கிட்ட தயங்காமக் கேளுங்க: ஊழியர்களுக்கு நெட் உண்டா, மாசம் எவ்வளவு, எத்தனை சாதனம், குரல் கால் போகுமா? சம்பளம் கேக்கற மாதிரி இதையும் கேக்கலாம். அந்த ஏஜென்ட்டுக்குக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தோட ஆர்பிஎஸ்எல் லைசென்ஸ் இருக்கான்னு அவங்க வெப்சைட்லயே பாத்துடுங்க.

கடைசியா, பெட்டியில வைக்க வேண்டியது

டேப்லெட், மெமரி கார்டு, இயர்போன், சர்ஜ் இல்லாத சார்ஜர், ரெண்டு அடாப்டர். ஆசைப்பட்டா ஸ்டிக்கும் ஒரு குட்டி ஹெச்டிஎம்ஐ வயரும் ஓரமா கிடக்கட்டும், துறைமுகத்துல ரூம் எடுத்தா உதவும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ரவுட்டர் வேண்டாம். வாட்ஸ்ஆப்ல ஆட்டோ டவுன்லோடை ஆஃப் பண்ணுங்க, இல்லைன்னா ஃபேமிலி குரூப்போட குட் மார்னிங் வீடியோவே உங்க நெட்டைத் தின்னுரும்.

அப்புறம், வீட்டுல இருக்கிறவங்களுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பக் கத்துக்குடுத்துட்டுப் போங்க. சித்தி இப்ப வண்டிக்குக் காத்திருக்கும்போது ஒரு நிமிஷம் பேசி அனுப்பறாங்க. லைன் கிடைக்கும்போது அது தானா போய்ச் சேருது. அவன் டின்னர் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து கேக்கறான். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல முழிச்சிருக்கணும்கிற அவசியம் அதுக்கு இல்லை.

கப்பல்ல வேலை பாத்தவங்க யாராவது கேட்டுட்டிருந்தா, உங்க கப்பல்ல நெட் என்ன விலை, எந்தத் துறைமுகத்துல நல்ல வைஃபைன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல படிக்கிறேன். புதுசா கிளம்பற பத்து பேருக்கு உதவும்.